முப்பத்தாறு பேர் பிழைத்தது எப்படி?

1891, அக்டோபர் மாதம். இன்றைய வியட்நாமின் தென்கோடியில் பாக் லியு என்று ஒரு பகுதி. அப்போது அங்கே பிரெஞ்சுக்காரர்களின் ஆட்சி. மழை கொட்டித் தீர்த்ததில் ஒரு கிராமமே வெள்ளத்தில் மிதந்தது. பொந்துக்குள் தண்ணீர் புகுந்தால் பாம்பு எங்கே போகும்? மேட்டைத் தேடித்தான் போகும். மேட்டில் மனிதர்களின் குடிசைகள். புகுந்தவை அத்தனையும் நாகங்கள்! மொத்தம் 40 பேரைக் கடித்தன. 4 பேர் செத்துப்போனார்கள்.

அந்தக் கணக்கை இன்னொரு தடவை படியுங்கள். 40 பேருக்குக் கடி, 4 பேர் சாவு. மிச்சம் 36 பேர் பிழைத்துக்கொண்டார்கள். இத்தனைக்கும் விஷமுறிவு ஊசி என்ற ஒன்று அப்போது பூமியிலேயே கிடையாது.

எப்படிப் பிழைத்தார்கள்? காரணம் ரொம்ப சிம்பிள். பாம்புக்கு விஷம் என்பது எலியையும் தவளையையும் பிடிக்க வைத்திருக்கும் முதலீடு. நம்மை அதனால் விழுங்க முடியாது. மிதித்துவிட்டோம், மிரட்டிவிட்டோம் என்பதற்காகக் கடிக்கிறது. அப்படிக் கடிக்கும்போது சில சமயம் விஷத்தை இறக்குவதே இல்லை. சில சமயம் கொஞ்சூண்டு இறக்கும். சில சமயம் முழுசாக. எது எப்போது என்று கடிபட்டவருக்கும் தெரியாது, பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது. போதாக்குறைக்கு நம் ஊரில் நடமாடும் பாம்புகளில் பெரும்பாலானவை விஷமே இல்லாதவை. சாரை கடித்தாலும், தண்ணீர்ப் பாம்பு கடித்தாலும் அலறல் என்னவோ ஒன்றுதான்!

இப்போது ஒரு கற்பனை. அந்தக் கிராமத்தில் ஒரு வைத்தியர் இருந்து, 40 பேருக்கும் ஏதோ ஒரு பச்சிலையை அரைத்துக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 36 பேர் குடும்பத்தோடு வந்து காலில் விழுந்திருப்பார்கள். மிச்ச 4 பேர்? 'கொஞ்சம் லேட்டா தூக்கிட்டு வந்துட்டாங்க', 'விதி முடிஞ்சு போச்சு'. அவ்வளவுதான். நூற்றுக்குத் தொண்ணூறு வெற்றி! இந்த மார்க்கை வைத்துக்கொண்டு ஒரு பரம்பரையே வைத்தியம் பார்க்கலாம்.

பாம்புக்கடி வைத்தியத்தின் மொத்த சரித்திரமும் இந்த 36 பேரால் வந்த குழப்பம்தான். அதை அவிழ்க்க எவ்வளவு காலம் பிடித்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். கதை நம்ம தஞ்சாவூரைத் தொட்டுக்கொண்டு ஆரம்பிக்கிறது.

1780-களில் சென்னை ராஜதானி முழுக்க 'தஞ்சாவூர் மாத்திரை' என்று ஒன்று புகழ்பெற்றிருந்தது. பாம்புக்கடிக்குக் கைகண்ட மருந்து என்று பெயர். கிழக்கிந்தியக் கம்பெனி துரைமார்களுக்கும் அதன்மீது ஒரு கண். உள்ளே என்ன இருந்தது தெரியுமா? முக்கியச் சரக்கு ஆர்சனிக். பாஷாணம்! விஷத்தை முறிக்க விஷம்.

விசாகப்பட்டினத்தில் அப்போது பேட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் இருந்தார். சிரியாவின் அலெப்போ நகரில் பிளேக் நோயைப் பார்த்துவிட்டு வந்தவர். 1785-ல் கம்பெனி அவரை இந்தப் பிராந்தியத்தின் இயற்கை ஆய்வாளராக நியமித்தது. செடி கொடிகளை ஆராய வந்தவரின் மனசு பாம்புகள் பக்கம் போனது. எந்தப் பாம்பு விஷமுள்ளது, எது அப்பாவி என்று பார்த்த மாத்திரத்தில் ஜனங்களுக்குத் தெரியவேண்டும் என்பது அவர் ஆசை. ஊர்க்காரர்களிடம் பாம்புகளை வாங்கினார், அவர்கள் சொன்ன தெலுங்குப் பெயர்களையே குறித்துக்கொண்டார், படம் வரையச் செய்தார். நாய்களையும் கோழிகளையும் பாம்பு கடிக்கவிட்டு, கடிகாரத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

தஞ்சாவூர் மாத்திரையையும் இந்தப் பரீட்சைக்கு உட்கார வைத்தார். ஊர் பேசிய அளவுக்கு அது பாஸாகவில்லை. நம்பகமான விஷமுறிவு என்று அவரால் அதற்கு நற்சான்றிதழ் கொடுக்க முடியவில்லை.

1796-ல் ரஸ்ஸலின் புத்தகம் வெளிவந்தது. நாகத்துக்கு அடுத்தபடி ஆபத்தானது என்று அவர் அதில் அடையாளம் காட்டிய ஒரு பாம்புக்கு, பின்னால் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். 'ரஸ்ஸல்ஸ் வைப்பர்'. நம் கண்ணாடி விரியன்தான் அது.

அடுத்த காட்சி கல்கத்தா. ஜோசப் ஃபேய்ரர் என்ற ராணுவ டாக்டர் 1872-ல் இந்தியாவின் கொல்லும் பாம்புகளைப் பற்றி ஒரு பிரமாண்டமான புத்தகம் கொண்டுவந்தார். அதில் உள்ள வண்ணப் படங்களை வரைந்தவர்கள் கல்கத்தா ஓவியப் பள்ளியின் இந்திய மாணவர்கள். ஃபேய்ரரும் சகட்டுமேனிக்கு மருந்துகளைச் சோதித்துப் பார்த்தார். முடிவு? எதுவும் உதவாது! பாம்பு முழு விஷத்தை இறக்கிவிட்டால் அதை முறிக்க உலகத்தில் மருந்தே இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

அதோடு நிறுத்தியிருந்தால் புண்ணியமாய்ப் போயிருக்கும். ஆனால் கடிபட்டவன் கண்ணெதிரே துடிக்கும்போது 'ஒண்ணும் பண்ண முடியாது' என்று ஒரு டாக்டர் சொல்ல முடியுமா? எதையாவது செய்தாக வேண்டுமே. கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டு, கடிவாயை வெட்டு, நெருப்பால் சுடு என்றார்கள். 1904-ல் ஃபேய்ரர், லாடர் பிரண்டன், லெனார்ட் ராஜர்ஸ் என்ற மூன்று பெரிய டாக்டர்கள் சேர்ந்து ஒரு கருவியையே சிபாரிசு செய்தார்கள். சின்னதாக ஒரு மரக்கூடு. ஒரு முனையில் குட்டிக் கத்தி. மறுமுனையில் பொட்டாசியம் பெர்மாங்கனேட். தண்ணீரைச் சுத்தப்படுத்தக் கிணற்றில் போடுவார்களே, அதே ஊதாப் பொடி. கடிவாயைக் கீறி, பொடியை வைத்துத் தேய்த்துவிட வேண்டும்.

சோதனைக் குழாயில் பெர்மாங்கனேட்டும் விஷமும் கலந்தால் விஷம் செத்துவிடும் என்பது நிஜம். ஆனால் உடம்பு சோதனைக் குழாய் இல்லையே! ஊசி போட்ட மாதிரி உள்ளே இறங்கி, தசையில் பரவிக்கொண்டிருக்கும் விஷத்தை மேலே தூவும் பொடி எட்டிப்பிடிக்காது. இருந்தாலும் இந்தக் கருவி இந்தியாவில் விநியோகிக்கப்பட்டது. பிழைத்தவர்கள் பிழைத்தார்கள். பெயர் கருவிக்குப் போனது. அதே 36 பேர் கதை!

'கட்டுப் போடு, கீறிவிடு' என்பதெல்லாம் படிக்காத கிராமத்து ஜனங்களின் மூடநம்பிக்கை என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அது முழு உண்மை இல்லை. பட்டம் வாங்கிய டாக்டர்களே பல தலைமுறைகளாகச் சொல்லிக்கொடுத்த பாடமும் அதில் இருக்கிறது. சினிமா மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. கதாநாயகி காலில் பாம்பு கடிக்கும், கதாநாயகன் உறிஞ்சித் துப்புவான், அடுத்த ஷாட்டில் டூயட்!

இந்த மூன்று டாக்டர்களும் பெர்மாங்கனேட்டோடு மல்லுக்கட்டிய காலத்துக்கு முன்பே, நிஜமான மருந்து பிறந்துவிட்டது. அதற்கு நாம் மறுபடி பாக் லியு வெள்ளத்துக்குப் போகவேண்டும்.

அந்தக் கிராமத்தில் ஒருவர் 19 நாகங்களை உயிரோடு பிடித்து ஒரு பீப்பாயில் அடைத்தார். அந்தப் பகுதியின் பிரெஞ்சு அதிகாரி பீப்பாயை சைகோன் நகரிலிருந்த பாஸ்டர் ஆய்வகத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கே பொறுப்பில் இருந்தவர் 28 வயது ஆல்பர்ட் கால்மெட். இவரை உங்களுக்குத் தெரியும். உங்கள் தோளில் பி.சி.ஜி. தடுப்பூசித் தழும்பு இருந்தால், அதில் நடுவில் இருக்கும் 'சி' இவர்தான்!

கால்மெட்டின் யோசனை இதுதான். கொஞ்சமே கொஞ்சம் விஷத்தை ஒரு மிருகத்துக்குச் செலுத்தி, மெல்ல மெல்ல அளவைக் கூட்டினால் அதன் உடம்பு பழகிக்கொண்டு எதிர்ப்புப் பொருளை உண்டாக்கும். அந்த மிருகத்தின் ரத்தத்திலிருந்து சீரத்தைப் பிரித்துக் கடிபட்டவருக்குக் கொடுத்தால்? 1894-ல் பாரீஸில் இதை நிரூபித்துக் காட்டினார். அதே சமயத்தில், தனியாக, ஃபிசாலிக்ஸ், பெர்ட்ரான் என்ற இரண்டு பேரும் இதையே கண்டுபிடித்திருந்தார்கள். இன்றைக்கும் விஷமுறிவு மருந்து இந்த வழியில்தான் தயாராகிறது. குதிரைகள்தான் நமக்காக ரத்தம் கொடுக்கின்றன.

ஆனால் கால்மெட்டும் ஓர் இடத்தில் சறுக்கினார். நாகத்தின் விஷத்தை வைத்துச் செய்த மருந்து எல்லாப் பாம்புக்கும் கேட்கும் என்று நம்பினார். இந்தியாவில் ஜார்ஜ் லாம்ப் என்ற டாக்டர் சோதித்துப் பார்த்தார். அந்த மருந்து கண்ணாடி விரியனிடம் பல்லிளித்தது! பிரேஸிலில் வைட்டல் பிரேஸில் என்பவரும் (ஆமாம், ஆளின் பெயரே அதுதான்) தம் ஊர்ப் பாம்புகளை வைத்து இதையே நிரூபித்தார். ஒவ்வொரு பாம்பின் விஷமும் ஒவ்வொரு ரகம். நாகமும் கட்டுவிரியனும் நரம்பைத் தாக்கி மூச்சை நிறுத்தும். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் ரத்தத்தை உறையவிடாமல் செய்யும். எந்தப் பாம்புக்கு மருந்து வேண்டுமோ, அந்தப் பாம்பின் விஷம் கையில் இருக்கவேண்டும்.

ஆகவே இந்தியாவில் இந்த நான்கு பாம்புகளின் விஷத்தையும் சேர்த்து, நான்குக்கும் பொதுவாக ஒரே மருந்து தயாரிக்கிறார்கள். சரி, விஷத்துக்கு எங்கே போவது?

பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். செங்கல்பட்டுப் பக்கம் அது இருளர்களுக்கும் தெரியும். வரப்பில் கிடக்கும் ஒரு தடத்தையும் வளை வாயில் உரிந்து கிடக்கும் துளித் தோலையும் பார்த்துவிட்டு, உள்ளே இருப்பது என்ன பாம்பு என்று சொல்லிவிடுவார்கள். ஒரு காலத்தில் இந்தத் திறமைக்கு ஒரே சந்தை, தோல் வியாபாரம். இவர்கள் பிடித்த பாம்புகள் செருப்பாகவும் கைப்பையாகவும் கப்பலேறின. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் பாம்புத் தோல் ஏற்றுமதிக்கு முழுத் தடை. பாம்புகளுக்கு நல்ல சேதி. இருளர் வீட்டு அடுப்புக்கு?

சென்னைப் பாம்புப் பண்ணையை ஆரம்பித்த ரோமுலஸ் விட்டேகர் இவர்களோடு கூடவே பாம்பு தேடி அலைந்தவர். பாம்பைக் கொல்லாமல் விஷத்தை மட்டும் எடுத்து விற்றால் என்ன என்ற யோசனை வடிவம் எடுத்தது. 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. மாமல்லபுரம் போகும் வழியில், வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் இன்றைக்கும் அதைப் பார்க்கலாம். பிடித்த பாம்பை மண்பானையில் போட்டு, வாயைத் துணியால் கட்டி வைத்திருப்பார்கள். வாரம் ஒருமுறை வீதம் நான்கு தடவை விஷம் எடுப்பார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் அடையாளத்துக்கு ஒரு வெட்டுக் கொடுத்து, திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். எடுத்த விஷம் பொடியாக உறைந்து மருந்து கம்பெனிகளுக்குப் போகும்.

இந்தியாவில் விஷமுறிவு ஊசி போட்டுப் பிழைத்த பெரும்பாலானவர்கள் உடம்பில், பெயர் தெரியாத ஓர் இருளரின் உழைப்பும் ஏறியிருக்கிறது. இவர்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இருவரை 2017-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு மலைப்பாம்பு பிடிக்கக் கூப்பிட்டார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

மருந்து இருக்கிறது, விஷத்துக்கும் வழி இருக்கிறது. சுபம் போட்டுவிடலாமா? முடியாது. 2000-லிருந்து 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்பது ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட மதிப்பீடு. வருஷத்துக்குச் சராசரியாக 58,000 பேர். அதே ஆராய்ச்சித் திட்டத்தின் முந்தைய கணக்கொன்று இன்னும் உறைக்கும். அப்படி இறந்தவர்களில் 100-க்கு 77 பேர் ஆஸ்பத்திரிக்கு வெளியே இறந்திருக்கிறார்கள். மருந்து ஆஸ்பத்திரியில். உயிர் வீட்டிலும் வழியிலும் பூசாரி வாசலிலும்.

அந்த 77 பேரில் எத்தனை பேர், முன்பு பிழைத்த யாரோ ஒருவரின் பேச்சைக் கேட்டு வேறு பக்கம் வண்டியைத் திருப்பியிருப்பார்கள்? 'எங்க மாமாவுக்கு அங்கதான் மந்திரிச்சாங்க, எழுந்து உட்கார்ந்துட்டார்.' மாமா பொய் சொல்லவில்லை. மாமா அந்த 36 பேரில் ஒருவர். அவ்வளவுதான் விஷயம்.

இதையெல்லாம் கிராமத்து சமாசாரம் என்று தள்ளிவிடாதீர்கள். ஏரியை ஒட்டி ஃப்ளாட் வாங்கியிருக்கிறீர்கள். லீவுக்கு ஏற்காடு, ஏலகிரி என்று நடக்கக் கிளம்புகிறீர்கள். ஆகவே 240 வருஷச் சரித்திரம் சொல்லிக்கொடுத்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில், கடி வாங்காமல் இருப்பது. ராத்திரி வெளியே போனால் டார்ச்சும் மூடிய செருப்பும் அவசியம். கடிகளில் நிறைய காலில்தான் விழுகின்றன. விறகுக் குவியல், செங்கல் அடுக்கு, புதர் இவற்றில் பார்க்காமல் கை விடாதீர்கள். வீட்டைச் சுற்றி எச்சில் சோறும் குப்பையும் இருந்தால் எலி வரும். எலி வந்தால் அதைத் தேடிப் பாம்பு வரும். கட்டுவிரியன் ராத்திரி ஆசாமி. தரையில் படுத்துத் தூங்குபவர்களைக் கடிக்கும். கட்டிலில் படுங்கள். முடியாவிட்டால் கொசுவலையைப் பாயின் அடியில் நன்றாகச் செருகிவிட்டுப் படுங்கள். வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டால் வீரம் காட்டவேண்டாம். தள்ளி நின்று கண்காணித்தபடி தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ போன் செய்யுங்கள்.

கடித்துவிட்டால்? பாம்பை விட்டு விலகுங்கள். கடிபட்டவரை உட்கார வையுங்கள் அல்லது படுக்க வையுங்கள். ஓடவோ நடக்கவோ விடாதீர்கள். மோதிரம், மெட்டி, கொலுசு, வாட்ச் எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். வீங்கின பிறகு வராது. கடிபட்ட கையையோ காலையோ, எலும்பு முறிந்தால் எப்படிச் சட்டம் வைத்துத் தளர்வாகக் கட்டுவோமோ அப்படி அசையாமல் வையுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் ஏற்றுங்கள். விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அரசு ஆஸ்பத்திரி என்று தயங்காதீர்கள்.

இறுக்கிக் கட்டாதீர்கள். ரத்தம் போகாமல் அந்த இடம் அழுகலாம். கட்டைச் சட்டென்று அவிழ்க்கும்போது தேங்கிய விஷம் ஒரே பாய்ச்சலாகக் கிளம்பலாம். கீறாதீர்கள். விரியன் கடித்து ரத்தம் உறையாத உடம்பில் நீங்கள் போடும் ஒரு கீறல் நிற்காமல் ஒழுகும். உறிஞ்சாதீர்கள். ஐஸ் வேண்டாம், கல் வேண்டாம், சாராயம் வேண்டவே வேண்டாம்.

பாம்பைத் தேடி அடித்து, பையில் போட்டு எடுத்துக்கொண்டும் வராதீர்கள். வெட்டுப்பட்ட தலைகூடச் சற்று நேரத்துக்குக் கடிக்கும். நான்கு பாம்புக்கும் ஒரே மருந்து என்பதால் டாக்டருக்கு அது அவசியமும் இல்லை. சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிஷம் வைத்துப் பார்ப்பார். உறையவில்லை என்றால் விரியனின் வேலை. கண் இமை தொங்குகிறதா, விழுங்கச் சிரமப்படுகிறாரா என்று பார்ப்பார். அவருக்கு நீங்கள் சொல்லவேண்டியது, எத்தனை மணிக்குக் கடித்தது, அதற்கப்புறம் என்னென்ன ஆச்சு என்பது. அது போதும்.

முக்கியமாக ஒன்று. கட்டுவிரியன் கடித்தால் வலியே இல்லாமல் போகலாம், பல் தடமும் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் எழுந்து வயிறு வலிக்கிறது, கண்ணைத் திறக்க முடியவில்லை என்று ஒருவர் சொன்னால், அதுவும் தரையில் படுத்தவர் சொன்னால், கஷாயம் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். கிளம்புங்கள்.

ஊசியை வீட்டில் வாங்கி வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. குதிரையின் சீரம் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும். சமாளிக்கும் வசதி உள்ள இடத்தில்தான் அதைப் போடவேண்டும்.

இந்த மருந்தும் முழுமையானது இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரே இனப் பாம்பின் விஷம்கூட ஊருக்கு ஊர் மாறுகிறது என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் கார்த்திக் சுனாகர் குழுவினர் காட்டியிருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பாம்பின் விஷத்தால் செய்த மருந்து, வேறு சில மாநிலங்களின் பாம்புகளிடம் சுணங்குகிறது. கால்மெட் செய்த தப்பு, சின்ன அளவில் மறுபடியும்! அதைச் சரிசெய்ய வேலை நடக்கிறது. அரசாங்கமும் கணக்கெடுக்க ஆரம்பித்திருக்கிறது. 2024 நவம்பரில் பாம்புக்கடியை, அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அறிவித்தது. இனி செத்தவர்களும் ஏட்டில் ஏறுவார்கள்.

அது முக்கியம். ஏனென்றால் பிழைத்த 36 பேரும் வீடுவீடாகப் போய்த் தங்கள் வைத்தியரைப் பற்றிச் சொல்லுவார்கள். அந்த 4 பேர் வந்து எதுவும் சொல்லப்போவதில்லை.